ஆறிய முழங்கை

அண்ணன் சசிதரனுக்கு இரண்டு முழங்கைகளிலும் முழங்கால்களிலும் சொரியாசிஸ். சிவந்து தடித்து வெள்ளைச் செதில் உதிரும். வெள்ளவத்தைச் சோதனைச்சாவடியில் சேர்ட் கையை உயர்த்தச் சொல்லும் ஆமிக்காரர், அதைக் கண்டதும் முகஞ்சுளித்து, "யன்ன, யன்ன" என்று போகவிட்டுவிடுவார்கள்.

"எனக்கு ரெண்டு ஐடென்டிகாட்," என்பான். "ஒண்டு பொக்கற்றிலை, மற்றது முழங்கையிலை."

ஆனாலும் இரண்டாவது கலியாணப் பேச்சும் குழம்பிய பிறகு, டொக்டர் பஹ்மியா நடத்திய பரிசோதனைக்குத் தானாகவே பெயர் கொடுத்தான். நீரிழிவுக்குக் கொடுக்கும் பழைய குளிசை ஒன்று இந்தத் தோல் வருத்தத்தையும் ஆற்றுமா என்று பார்க்கிறார்கள். பாதிப்பேருக்கு மருந்து; மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசை. "யாருக்கு எது என்று முடியும் வரைக்கும் எனக்கே தெரியாது," என்றார் டொக்டர்.

மாலை வகுப்புக்குப் போகுமுன் நான் அடிமட்டத்தால் புண்களை அளப்பேன். முதலில் மாற்றமில்லை. நான்தான் பிழையாக அளக்கிறேனோ என்று திரும்பவும் அளந்தேன். பிறகு செதில் நின்றது, சிவப்பு மங்கியது. கடைசியில் நான்கு இடங்களிலும் வழுவழுப்பான கறுப்பு அடையாளம் மட்டும் மிஞ்சியது. அண்ணன் அரைக்கைச் சேர்ட் வாங்கினான்.

அந்தச் சேர்ட்டோடுதான் பாமன்கடைப் பக்கம் ஆமி செய்த சுற்றிவளைப்பில் அகப்பட்டான். முழங்கையில் கறுப்பு; காற்சட்டையைச் சுருட்டினால் முழங்காலிலும் கறுப்பு. இயக்கத்தில் தவழ்ந்து பயிற்சி எடுத்தவனென்று ஏற்றிப்போனார்கள். ஆமி அந்த இடங்களைத்தான் பார்க்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. புண் ஆறிய சந்தோசத்தில் இருவருக்கும் தோன்றவில்லை.

பொலிஸில் டொக்டரின் கடிதத்தையும் பரிசோதனைக்கு எடுத்த பழைய படங்களையும் கொடுத்தேன். அதிகாரிக்குத் தமிழ் தெரிந்திருந்தது.

"படத்தில முகம் இல்ல. யார்ட கை இது?"

"அண்ணான்ர, சேர். பரிசோதனைக்கு முகம் எடுக்கிறதில்லை."

"மருந்து குடுத்ததா இல்லையா, டொக்டருக்கே தெரியா. எனக்கு எப்பிடித் தெரியும், நங்கி?" தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் சொன்னார்.

கம்பிக்குப் பின்னால் நின்ற அண்ணனிடம் அந்தக் கிழமைக் குளிசைகளை நீட்டினேன்.

"கொண்டு போ, பானு."

"நிப்பாட்டினா வருத்தம் திரும்ப வருமெண்டு டொக்டர் சொன்னவ."

"அதுதானடி. வரட்டும்."

கதைத்துக்கொண்டே முழங்கையை நகத்தால் சுரண்டினான். இரத்தம் கசிந்தது. செதில் இல்லை.

"எத்தினை நாள் எடுக்கும்?"

கிழமைக்கணக்காகும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். பிடித்தவர்களை நாளைக்கு வேறெங்கோ மாற்றப்போவதாக வாசலில் நின்றவர்கள் கதைத்தார்கள்.

"கெதியா வந்திடும், அண்ணா," என்றேன்.