மச்சினன் பையில் இருந்த பூச்சி

மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிக்கிறவர் வீட்டிலேயே மூட்டைப்பூச்சி! வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும். காலையில் மெத்தை விளிம்பில் ஒன்றைப் பார்த்ததுமே, மூன்று மாதமாக ஹாலில் தங்கியிருந்த மச்சினனின் பையைத் திறந்து முகர்ந்தார். இருபது வருஷ மூக்கு, லென்ஸ் எதற்கு?

“அதே நாத்தம்! உன் தம்பிதான் கொண்டு வந்திருக்கான். இன்னிக்கே வேற இடம் பாத்துக்கச் சொல்லு.”

நாற்றுப்பண்ணையில் செடிகளுக்குத் தண்ணீர் விடும் அந்தப் பையன், “சரி மாமா,” என்றான். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டான்.

மனைவி சும்மா விடுவாளா? கொடியில் கிடந்த தம்பியின் துண்டை உதறி, விழுந்த பூச்சியை டப்பாவில் பிடித்து அவர் முன்னால் வைத்தாள்.

“ஊரான் வீட்டுப் பூச்சிய மட்டும் லென்ஸ்ல பாப்பீங்களோ? இதையும் பாருங்க.”

பார்த்தார். காலையில் பிடித்த மெத்தைப் பூச்சியும் இதுவும் பழுப்பு நிறம். இரண்டுக்கும் உறிஞ்சும் ஊசிமூக்கு தலைக்கடியில் மடிந்திருந்தது. நசுக்கினால் நாற்றமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மெத்தைப் பூச்சி தட்டையானது, இறக்கையே இல்லாதது, ரத்தம் குடிப்பது. துண்டில் இருந்ததற்கு முதுகில் முக்கோணமும் மடித்த இறக்கையும் இருந்தன. இலைச்சாறு குடிக்கும் நாவாய்ப்பூச்சி, மனிதனைச் சீண்டவே சீண்டாது.

“இது செடிப்பூச்சி,” என்று முணுமுணுத்தார். மனைவி முறைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அப்படியானால் மெத்தைக்கு வந்தது எப்படி? வேலைச் சட்டையை வாசலிலேயே கழற்றிக் கவரில் கட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். போன வாரம் அலுப்பில் படுக்கையறை ஆணியிலேயே மாட்டியிருந்தார். போய்க் காலரைத் திருப்பினார். உள்ளே இரண்டு உட்கார்ந்திருந்தன. சட்டையைக் கவரில் போட்டு இறுகக் கட்டிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார்.

“மச்சான், உன்கிட்ட இருந்தது வேற பூச்சிடா. வீட்டுக்கு வா,” என்றார். காலர் விஷயத்தை விழுங்கிவிட்டார்.

“தெரியும் மாமா. முந்தாநேத்தே உங்க சட்டைல ஒண்ணு ஊர்றதப் பாத்தேன்.”

“அடப்பாவி! அப்ப காலையில ஏன்டா வாயத் திறக்கல?”

“அக்கா முன்னாடி எப்படி மாமா சொல்றது? உங்க தொழிலே அதாச்சே.”

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பையை வாங்கித் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு நடந்தார். வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே பார்த்துக் கத்தினார்:

“ஏய், இங்க வா! மூட்டைப்பூச்சியக் கொண்டு வந்தது நான்தான்.”