தவறாமல் வந்தவள்

பழனாத்தாளின் பல வருட நெஞ்செரிச்சல் அந்தப் புது மாத்திரையில்தான் அடங்கியது. கோயமுத்தூரில் டாக்டராக இருந்த தம்பி கதிர்வேல் கொடுத்தது. அதைச் சாப்பிடுகிறவர்களின் இதயத் துடிப்பு மாறுகிறதா என்று அவன் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தான். அதற்காக மாதாமாதம் பெருந்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து ஈ.சி.ஜி. எடுத்துவிட்டுப் போவாள். வரும்போது அவனுக்குப் பிடித்த வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவருவாள்.

"எல்லாம் நல்லா இருக்குதுங்க அக்கா. மாத்திரையை விட்டுப்போடாதீங்க" என்பான்.

ஒருநாள் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஈரோட்டில் வைத்தியம் பார்த்த டாக்டர் இஸ்மத் பழைய ஈ.சி.ஜி.க்களைக் கேட்டாள். பழனாத்தாளின் வீட்டுக்காரர் கந்தப்பன் கதிர்வேலின் கிளினிக்குக்குப் போய் வாங்கி வந்தார்.

இஸ்மத் அவற்றைக் கட்டிலின்மேல் வரிசையாக விரித்தாள். "இந்த மாத்திரைதாங்க உங்க துடிப்பைக் கெடுத்திருக்குது. மூணாவது மாசமே தெரியுது. அப்பவே நிறுத்தியிருக்கோணும்."

"தம்பிக்கு வேலை சாஸ்திங்க. கவனிச்சிருக்க மாட்டான்" என்று பழனாத்தாள் அவனுக்காகப் பரிந்து பேசினாள்.

உடம்பு தேறியதும் கந்தப்பனைக் கூட்டிக்கொண்டு நேராக அவனிடம் போனாள். "நீ பார்க்கலைதானே கண்ணு?"

கதிர்வேல் தலையைக் குனிந்துகொண்டான். "பாத்தனுங்க அக்கா. இன்னும் ரெண்டு மாசம் பாத்துட்டு நிறுத்தலாம்னு இருந்தேன். மத்தவங்கெல்லாம் பாதியிலேயே நின்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் தவறாம வந்தீங்க."

"நான் மிசினுக்காகவா வந்தேன்? உன்னைப் பாக்க வந்தேன்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். அவள் நிற்கவில்லை. பஸ்ஸில் அவிநாசி தாண்டும்வரை கந்தப்பன் பேசிப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

மாத்திரையை நிறுத்தியபின் துடிப்பு சீரானது. நடந்ததை மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்கு எழுத அவளுடைய ஈ.சி.ஜி.க்களை அனுப்பலாமா என்று இஸ்மத் கேட்டாள்.

"கேட்டீங்களே, அதுவே போதுமுங்க. அனுப்புங்க" என்றாள் பழனாத்தாள்.

ஆடியில் கதிர்வேல் வந்தான். இலை போட்டுச் சோறு வைத்தாள். சாப்பிட்டு எழுந்தவன், நாடி பார்க்க அவள் மணிக்கட்டைத் தொட்டான். பழனாத்தாள் கையை இழுத்துக்கொண்டு, எச்சில் இலையை எடுக்கக் குனிந்தாள்.