மீன்சட்டியில் ஊறிய கார்புரேட்டர்

மீன்குழம்பு வைக்கிற மண்சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பியட் காரின் கார்புரேட்டரை ஊறப்போட்டிருந்தான் ததேயு. பெண்டாட்டி கிளாரா ஷெட்டுக்குள் வந்து பார்த்துவிட்டாள்.

"உப்புக்காத்து தின்ன இந்த வண்டி உங்க அப்பா காலத்திலேயே செத்துப்போச்சு. இதுக்காக என் சட்டியும் சாவணுமா? இந்த நாத்தம் இனி போவுமா?"

"சத்தம் போடாத ஏட்டி. அழுக்கு பூராவும் இளகிப்போச்சு, பாரு."

கார்புரேட்டரைத் துடைத்து வண்டியில் பூட்டி, சாவியைத் திருகினான். வண்டி இருமியது, புகை கக்கியது, பிறகு நிற்காமல் உறுமியது.

கிளாரா விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். தன்னை அடிக்க, வீடு பெருக்குகிற வாரியலை எடுக்கத்தான் போகிறாள் என்று ததேயு நினைத்தான். அவளோ அடுக்களையில் உட்காருகிற மரக் குரண்டியோடு வந்து, சீட் இல்லாத இடப்பக்கத்தில் அதைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"சந்தைக்கு விடுங்க. புதுச் சட்டி வாங்கணும்."