அப்பனும் மகளும் ஒரே வயசு

ஐப்பசி அடைமழையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ரெட்டியார்சத்திரம் சோலைமலையும் அவர் மகள் ஹரிணியும் அடுத்தடுத்த பாயில் ஒன்றாகக் குப்புற விழுந்தார்கள். மகளுக்கு நாலு மாதம், அப்பனுக்கு முப்பத்து நாலு வயது. மகேஸ்வரி புருஷனுக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்குக் கொடுத்தாள். கூட ஒன்று கிடைத்ததில் யாருக்கும் வருத்தமில்லை.

அதற்கு நாலைந்து மாதம் முன்பு, 2006இல்தான், செம்பட்டி முக்கில் தக்காளி லாரி மேல் நின்று தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிய சோலைமலை தலைகுப்புற விழுந்தார். மூச்சு இருந்தது, முழி இருந்தது, ஆள் இல்லை. மகேஸ்வரிக்கு நிறைமாதம். மதுரை டாக்டர் ஒருவர், பிள்ளை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் எடுத்து அப்பனுக்குச் செலுத்திப் பார்க்கலாம், பரிசோதனைதான், உறுதி சொல்ல மாட்டேன் என்றார். மண்டைக்குள் செத்த இடத்தில் அது நாற்றுப் போல வேர் பிடித்தது. ஆனால் மகளோடு சேர்ந்துதான் வளர்ந்தது. ஹரிணி தவழ்ந்தால் அவரும் தவழ்ந்தார். வாசலில் அவளுக்கு நிலாவைக் காட்டினால் உள்ளே படுத்திருந்த அவர் சிரித்தார். அவள் கற்றது மட்டுமே அவருக்கு ஏறியது. டாக்டர் வந்து பார்த்து, காபி குடித்துவிட்டுப் போனார்.

மகேஸ்வரி அப்போதுதான் ஒன்றை யோசித்தாள். பிள்ளை "அம்மா" என்றால் அவரும் அதையே சொல்வாரே! அடிபடுமுன் ஆளில்லாத நேரம் பார்த்து "மகேசு" என்று கூப்பிட்ட மனுஷன். அந்தக் குரலுக்காகத்தான் அவள் இத்தனையும் தாங்கினாள். ஆகவே பிள்ளைக்குத் தன் பெயரையே சொல்லிக் கொடுத்தாள்.

நாத்தனார் அங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "கிறுக்கா புடிச்சிருக்கு? பெத்த பிள்ள பேரச் சொல்லிக் கூப்பிடுமாக்கும்?"

"அவரு என்னய அம்மாங்கலாமா மதினி?"

சித்திரையில் இரண்டு வாயும் ஒன்றாகத் திறந்து "மகேசு" என்றன. அவள் உட்கார்ந்து அழுதாள். தெருவுக்கும் அது பழகிப்போனது.

பால்வாடிக்குப் போன முதல் வாரம் ஹரிணி வாசலில் நின்று கேட்டாள்: "எனக்கு அம்மா யாரு, மகேசு?" உள்ளே சோலைமலையும் அதையே கேட்டார்.

மகேஸ்வரியால் தாங்க முடியவில்லை. "நாந்தான் தங்கம்" என்று பிள்ளையை அள்ளிக்கொண்டாள். இனி அவரும் அம்மா என்பார், புருஷன் கைநழுவிப் போனார் என்றே நினைத்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா" என்றாள் ஹரிணி.

உள்ளேயிருந்து "அம்மா" வரவில்லை. "ஏன் புள்ள அழுகுற?" என்றார் சோலைமலை. மகள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

மற்றதெல்லாம் முன்போலவே நடந்தது. பால்வாடியில் ஹரிணி 'அ' எழுதிய காலையில் அவர் வீட்டுத் தரையில் சாக்பீஸால் 'அ' எழுதினார். மகேஸ்வரி அதை மிதிக்காமல் சுற்றிப் போய் உலை வைத்தாள்.