பிரித்த பொத்தான்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். போர்க்காலத்துப் பிரபு குடும்பத்தைப் பற்றிய ஒரு தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு அது. மகன் போரில் செத்த சேதி கேட்டுச் சீமாட்டி அழ வேண்டும். நடிகையின் கண்ணோ கிளிசரினுக்கும் மசியவில்லை. அங்கே நடிகர்களுக்கு உடை தைக்கும் அக்காவின் ஒரே மகனும் பட்டாளத்தில் செத்தவன். இயக்குநர் அவளிடமே கேட்டார்.

"நீங்க எப்படிக்கா அழுதீங்க?"

"அழலை தம்பி. சேதி வந்தப்ப அவன் சட்டைக்குப் பொத்தான் தைச்சுட்டிருந்தேன். முழுசா தைச்சு நூலைக் கடிச்சேன். இதை யாருகிட்டயும் சொன்னதில்ல."

"அடடா, இதையே எடுத்துடலாம்!"

நடிகை அப்படியே செய்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிரமாதம்! ஆனா லைட்டு சரியில்ல. அக்கா, பொத்தானைப் பிரிச்சுக் குடுங்க, இன்னொரு டேக் போகலாம்."

சாயங்காலம் வரை அக்கா பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் நல்லபடியாக வீடு வந்து சேரட்டும், செல்லங்களா.