கோணல் நடை

என் நாய் குண்டன் கோணலாக நடக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் நாத்தனார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அவள் வேலை போய் எங்கள் வீட்டில் ஒண்ட வந்த பிறகுதான் அவனுக்கு இந்த நடை வந்தது. தலை ஒரு பக்கம் போகும், பின்பாகம் இன்னொரு பக்கம் போகும். காலையில் நான் கூட்டிப் போகும்போது நேராகத்தான் நடப்பான். நான் வேலைக்குப் போய்விட்டால் பகல் முழுக்க அவளோடு தனியாக இருப்பான். அவள் வந்து வீட்டில் வேலை கூடிப்போனதால் சாயங்கால நடையை என் கணவர் ஏற்றுக்கொண்டிருந்தார். பால்கனியிலிருந்து பார்த்தால் கோணல். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கேட்டால் கல்லுளிமங்கி மாதிரி நிற்பாள்.

"என்ன பண்ணின அவனை?"

"ஒண்ணும் பண்ணல அண்ணி."

"அப்ப காத்துல கோணிக்கிச்சா?"

பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். என் கணவர் தங்கைக்குப் பரிந்து பேசியதும் இல்லை, என்னைத் தடுத்ததும் இல்லை. "நீயே பாத்து முடிவு பண்ணு" என்று பேப்பரைப் பிரித்துக்கொள்வார். எவ்வளவு நல்ல மனுஷன் என்று பூரித்துப்போவேன்.

முடிவு பண்ணினேன். மூவரும் நாய் டாக்டரிடம் போவது, யாரோ அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் அடித்தவர் அன்றைக்கே வேறு இடம் பார்த்துக்கொள்வது. கணவர் சரி என்றார், நாத்தனாரும் தலையை ஆட்டினாள். அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

டாக்டர் அம்மா குண்டனின் ஒவ்வொரு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். இடுப்பை அழுத்தினார். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பில் ஒன்றும் இல்லை. தன் நாய்க்கு ஒன்றும் இல்லை என்று கேட்டு ஏமாந்துபோன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"வீட்ல யாரோ அடிக்கறாங்க டாக்டர். அதைக் கண்டுபிடிச்சுக் குடுங்க," என்றேன், நாத்தனாரைப் பார்த்துக்கொண்டே.

"அதெல்லாம் எக்ஸ்ரேல தெரியாதும்மா. நடக்க விட்டுப் பாக்கலாம்."

பின்பக்கம் நீளமான சிமென்ட் முற்றம். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் குண்டனின் பாதங்களை நனைத்தார். ஒவ்வொருவராக அவனை இடது பக்கம் விட்டு, கயிற்றைத் தளர்வாகப் பிடித்து நடக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் தடத்தைப் பார்த்துவிடலாம்.

முதலில் நான். முன்கால் பதிந்த இடத்திலேயே பின்காலும் பதிந்து, நேராகப் போயிருந்தது. பாதங்களை மறுபடி நனைத்ததும், அடுத்து நாத்தனார். நான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். குண்டன் வாலை ஆட்டிக்கொண்டு அவள் காலை உரசி உரசி நடந்தான். தடம் என்னுடையதைவிட நேர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், நீங்க வாங்க," என்றார் டாக்டர்.

"நான் எதுக்கு? ஆபீசுக்கு நேரமாச்சு," என்றார் என் கணவர்.

"ஒரு நிமிஷம்தான்."

கயிற்றை வாங்கினார். அவர் ஷூ சத்தம் கேட்டதும் குண்டனின் வால் உள்ளே போனது. தலையை அவர் பக்கம் திருப்பி, அந்த ஷூவிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்பாகத்தை எட்ட விலக்கிக்கொண்டு நடந்தான். முன்கால் தடம் ஒரு கோடாகவும் பின்கால் தடம் தள்ளி வேறொரு கோடாகவும் விழுந்திருந்தன.

டாக்டர் தரையைக் காட்டினார். "காலுல கோளாறு இல்ல. எப்ப உதை விழும்னு பாத்துக்கிட்டே நடக்குது."

"நாய் நடக்கறதை வெச்சு மனுஷனை எடை போடுவீங்களா?" என்று என் கணவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

நாத்தனார் தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன்கூட ஸ்கூலுக்குப் போறப்ப நானும் இப்படித்தான் நடப்பேன்," என்றாள். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை. ஆத்திரம்தான் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே ஏன்டி வாயை மூடிக்கிட்டு இருந்த?"

"சொல்லிருந்தா அண்ணன் அன்னிக்கே வெளிய அனுப்பிருப்பாரு. நீங்க பெட்டிய எடுத்துக் குடுத்திருப்பீங்க."

கொடுத்திருப்பேன்.

"வீட்ல போய்ப் பேசிக்கலாம். வாங்க," என்று கணவர் கயிற்றை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். குண்டன் நகரவில்லை. அவருடைய ஒரு கால் லேசாக எழும்பியது. டாக்டர் பார்ப்பது நினைவுக்கு வந்து இறங்கியது.

நான் போய்க் கயிற்றைப் பிடுங்கினேன்.

"நீங்க ஆபீசுக்குப் போங்க. சாயங்காலம் வீட்டுக்கு வர வேணாம், வேற இடம் பாத்துக்குங்க. அடிச்சவங்க போகணும்னுதான் பேச்சு."