பதினான்கு பெட்டிகள்

செத்த கோழிகளைக் குழியில் கொட்டி மூடியபோது மணி ஐந்தாகிவிட்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு. தங்கசாமி கையைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல, கொழுந்தியாளிடம் காப்பி குடிக்கிறாயா என்று கேட்டார். அக்கா போன் செய்ததும் ஓடிவந்திருந்த கிருத்திகாவுக்கு அந்தக் கேள்விதான் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

நடந்தது இதுதான். முப்பது டிகிரியைத் தாண்டினால் கோழிக் கொட்டாயின் விசிறிகளை ஓடவிட ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. அதற்கான நிரலை ஆறு வருஷத்துக்கு முன், கல்லூரிக் கடைசி வருஷத்தில், அக்கா வீட்டுக்காரருக்காக எழுதிக் கொடுத்தவள் அவள்தான். யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரு திறமூல மென்பொருளை நம்பி அது ஓடியது. பிறகு மல்லசமுத்திரத்தில் வீட்டிலிருந்தபடியே பெங்களூர்க் கம்பெனிக்கு வேலை பார்க்க ஆரம்பித்தவள், மிச்ச நேரத்தில் அந்த மென்பொருளையே பராமரிக்கும் நான்கு பேரில் ஒருத்தியாகிவிட்டாள். சம்பளமில்லாத அந்த வேலையில் இருந்த பெருமை அவளுக்குச் சம்பள வேலையில் இல்லை.

அதில் ஒரு பழைய பிழை இருந்தது. மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேக்களில் ஒரு வகையிடம் ‘ஓடு’ என்றால் நிற்கும், ‘நில்’ என்றால் ஓடும். போன வாரம் அதைக் கண்டுபிடித்து ஒரே வரியில் திருத்தினாள். புதுப் பதிப்பில் மட்டும் போட்டிருக்கலாம். நிலையான பதிப்பு என்பதே, நம்பியிருப்பவர்களுக்கு எதுவும் மாறாது என்று வாக்குக் கொடுத்து வெளியிடுவது. தப்பைச் சரிசெய்தால் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்று அதிலும் சேர்த்துவிட்டாள். மற்ற மூவரும் பாராட்டினார்கள். அந்தப் பதிப்பு முந்தின இரவு வெளியானது; கோழிகள் செத்த அன்று காலை ஒன்பது மணிக்குப் பெட்டிகள் தினமும்போலத் தாமாகவே புதுப்பித்துக்கொண்டன. வெயில் ஏறியது, விசிறிகள் நின்றன. தங்கசாமி அந்நேரம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார்.

அப்படியானால் ஆறு வருஷமாக எப்படி ஒழுங்காக ஓடியது? பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. ஒயர் இருக்க வேண்டிய திருகில் இல்லை, பக்கத்துத் திருகில் இருந்தது.

“மாட்டுன அன்னைக்கே எல்லாந் தலைகீழா ஓடுச்சு,” என்றார் தங்கசாமி. “அப்பக் கண்ணாலமாகி ஆறு மாசம். கொழுந்தியா பண்ணுனது தப்புன்னு மாமனாரூட்டுல வந்து சொல்ல முடியுமா? ஒயரக் கழட்டி மாத்திப் போட்டுட்டேன். அதோட செரியாப் போச்சு.”

அதோடு சரியாகப் போகவில்லை. பெட்டி நன்றாக ஓடுகிறதென்று கேள்விப்பட்டு மோகனூரிலிருந்து நாமகிரிப்பேட்டை வரை பதின்மூன்று பேர் கேட்டார்கள். எல்லோருக்கும் அதே மாதிரிதான் மாட்டிக் கொடுத்திருந்தார். நல்லவேளையாக அவர்கள் கவனித்து, பெட்டி இல்லாமலே விசிறிகளை நேராக ஓட்டும் கை சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். இனி ஒவ்வொரு கொட்டாயிலும் ஆள் காவல் இருக்க வேண்டும். ஒருத்தர் மத்தியானம் கண்ணயர்ந்தால் போதும்.

அவள் கிளம்பும்போது தங்கசாமி சொன்னார்: “நீ ஒண்ணும் மாத்தாத அம்மிணி. உன்றது செரிதான்.”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், முன்பின் தெரியாத இருவர் எழுதியிருந்தார்கள். ஒருவர் எங்கோ ஒரு நாட்டில் காளான் வளர்ப்பவர். அவர்களும் ஒயரைத்தான் மாற்றிப் போட்டிருந்தார்கள். இன்னும் எத்தனை பேரோ. கௌரவம் பார்க்க இது நேரமில்லை என்று தெரிந்தும் ஒரு மணி நேரம் பார்த்தாள். ஊரறியப் பாராட்டு வாங்கிய திருத்தத்தை ஊரறிய எடுக்க வேண்டும், தெரிந்தே தப்பைத் திரும்ப வைக்க வேண்டும். மூவரில் ஒருவர் இது அநியாயம் என்றே எழுதினார். அடுத்த வருஷப் பெரிய பதிப்பில் முன்கூட்டியே அறிவித்துத் திருத்தலாம், நிலையான பதிப்பில் கை வைத்தது என் பிழை என்று தன் பெயரைப் போட்டு எழுதி, நன்றாக இருட்டிய பிறகு வெளியிட்டாள். தங்கசாமியிடம் சொல்லவில்லை. ஓடுவதைக் காட்டிச் சொல்லலாம் என்று ஓர் ஆசை. வெட்கமும்தான்.

மறுநாள் ஒன்பதுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்தாள். அதற்குள் வெயில் சுள்ளென்று அடித்தது. எட்டு விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன. கை சுவிட்சில் ஓடுகின்றன போலும் என்று நினைத்துக்கொண்டாள். தங்கசாமி வண்டியில் கருவிப்பையைக் கட்டிக்கொண்டு மோகனூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்பதற்குள் மணி ஒன்பதானது. பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். விசிறிகள் வேகம் குறைந்து, ஒவ்வொன்றாக நின்றன.

தங்கசாமி ஓடிப்போய்க் கை சுவிட்சைத் தட்டினார். விசிறிகள் மறுபடி சுழல ஆரம்பித்தபோது நாமகிரிப்பேட்டைக்காரர் போன் செய்தார். பெட்டி பழையபடி தானே ஓட்டுகிறது, நீங்கள் வர வேண்டாம் என்றார். தங்கசாமி போனைப் பார்த்தார், பிறகு கொழுந்தியாளைப் பார்த்தார்.

“எந்திரிச்சதும் மொத வேலையா ஒயர மொறையா மாட்டிப்போட்டனே,” என்றார். “பதினாலையும் மாத்திட்டா உன்ற திருத்தம் அப்படியே நிக்குமுன்னு பாத்தேன்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமில்லீங்க மாமா.”

“நீ பண்ணுனியா?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, குழியில் கொட்டிய கோழிகளை நினைத்துப் பாதியில் நின்றது. தங்கசாமி பெட்டிக்கு வரும் லைனை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து ஒயரைக் கழற்றினார்.

“இப்பச் சொல்லிப்போடு. எதுல மாட்டட்டும்?”

பழையபடியே என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அடுத்த வருஷம் அதுவே தப்பாகிவிடும். அவள் தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்து, ஆறு வருஷத்துக்கு முன் எழுதிய முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். தங்கசாமி ஒயர் நுனியை இரண்டு திருகுக்கும் நடுவில் பிடித்தபடி, விசிறிச் சத்தத்தில் ஒரு காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.